எது குறுகிய வழி?

(வேலூரில் மாணவர்களிடையே ஆற்றிய உரை)



கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு மேடை ஏறியவன் நான். அப்படிப்பட்டவனை அழைத்து, கல்லூரிக்கு வரும் பேருந்துகளுக்கு வழிகாட்ட நீங்கள் உருவாக்கிய செயலியைக் காட்டி, "குற்றம் இருப்பின் கூறுக" என்கிறீர்கள். சுண்ணாம்புத் தொட்டியிலே கை வெந்த தந்தைக்கும், காலணித் தொழிற்சாலையிலே கண் வலிக்கத் தைக்கும் தாய்க்கும் பிறந்தவர்கள் உங்களிற் பலர். நிரல் எழுதப் பழகிய முதல் ஆண்டிலேயே ஊருக்கு வழி சொல்லப் புறப்பட்டுவிட்டீர்கள்! வாழ்த்துகிறேன். வாழ்த்திவிட்டு, ஒரு வழக்கும் தொடுக்கிறேன்.

1956ஆம் ஆண்டு, ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் காப்பிக் கடை ஒன்றில், தாம் மணக்கவிருந்த மங்கையுடன் அமர்ந்திருந்தார் 26 வயது டைக்ஸ்ட்ரா. தாளில்லை, எழுதுகோலில்லை, ஏறத்தாழ 20 நிமிடங்களில், குறுகிய வழி காணும் முறையை மனத்திலேயே வகுத்து முடித்தார். (எங்கள் மேடையிலே 20 நிமிடம் முன்னுரைக்கே போதாது!) 'ஆர்மாக்' எனும் கணிப்பொறி, நெதர்லாந்தின் 64 நகரங்களுக்கிடையே அம்முறையால் வழி கண்டது. 1959இல் அது மூன்றே பக்கக் கட்டுரையில் அச்சேறிற்று.

நீங்கள் கையாண்டதும் அதுவே. புறப்படும் நிறுத்தத்துக்குச் சுழி. மற்றவற்றுக்கு எல்லையற்ற தொலைவு. அண்மையிலுள்ள நிறுத்தத்தை உறுதிசெய்து, அதன் வழியே அண்டை நிறுத்தத்தை இன்னும் குறைவாக அடையக் கூடுமா என்று பார்த்து, கூடுமானால் பழைய கணக்கை அடித்துத் திருத்துவது; மீண்டும் மீண்டும் அவ்வாறே. முறையிலே பிழையில்லை. நிறுத்தத்துக்கும் நிறுத்தத்துக்கும் இடையே நீங்கள் இட்ட எண்ணிலே இருக்கிறது பிழை!

கிலோமீட்டரை இட்டிருக்கிறீர்கள். பேரணாம்பட்டுப் பிள்ளை வேலூர் வரக் குடியாத்தம் வழியும் உண்டு. ஆம்பூர் சென்று, நெடுஞ்சாலையைப் பிடித்து, பள்ளிகொண்டா வழியாக வருவதும் உண்டு. செயலி தூரத்தைக் கூட்டி, குடியாத்தம் என்கிறது. அங்கே அவன் இறங்குமுன் வேலூர்ப் பேருந்து போய்விட்டிருந்தால்? காத்து நிற்கும் நேரத்தைக் கிலோமீட்டர் அறியுமா? எத்தனை மணிக்குச் சேர்வான் என்பதை எண்ணாக வையுங்கள். டைக்ஸ்ட்ராவின் முறை அதற்கும் உழைக்கும்.

அதுவும் போதாது, தோழர்களே! 2021 மே மாதம் முதல், அரசின் சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லை. வெளியூர் செல்லும் விரைவு வண்டியிலே உண்டு. மாணவருக்குச் சலுகைச் சீட்டு இருக்கலாம். அதே நிறுத்தத்தில் நிற்கும் உங்கள் அன்னைக்கு? மாதனூரிலிருந்து ஆம்பூர்த் தொழிற்சாலைக்குப் புறப்படும் அந்தத் தாயிடம், "பத்து நிமிடம் மிச்சம்" என்று கட்டண வண்டியைக் காட்டுகிறது உங்கள் செயலி. போக ஒருமுறை, வர ஒருமுறை, மாதம் முழுவதும்! நிமிடம் பெரிதா, காசு பெரிதா என்பதை அவளன்றோ சொல்லவேண்டும்? அவளைக் கேளாமலே தீர்ப்பெழுதிவிட்டீர்கள்! கட்டணமில்லாப் பேருந்தில் மட்டும் வழி கேட்க ஒரு பொத்தான் வையுங்கள். அதை அழுத்துபவளுக்குக் கணக்கும் மாறட்டும், வழியும் மாறட்டும்.

நேரமெல்லாம் எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? பாதி, நடத்துநரின் நினைவிலே இருக்கிறது. விடியற்காலையில் ஆம்பூர்ப் பேருந்து நிலையத்தில் குறிப்பேட்டுடன் நில்லுங்கள். அவரைக் கேளுங்கள், காத்து நிற்கும் பெண்களையும் கேளுங்கள். நாளையே போவதானால் நானும் வருகிறேன். குடியாத்தத்திலே நாடக ஒத்திகை இருக்கிறது. எந்த வண்டி எப்போது என்று எனக்கும் தெரியாது.