மெசின் வாளின் நம்பரும் என்ஜினும்



விறகு அறுக்க மெசின் வாள் வாங்கும்போது நாம் நம்பரை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. நம்பர் என்பது கம்பெனி வைத்த பேர். என்ஜின் அளவு சி.சி. கணக்கு. ஸ்டீல் எம்.எஸ். 170க்கு 30.1 சி.சி. தான். பழைய ஸ்டீல் 070க்கோ 105.7 சி.சி.! ஹஸ்க்வர்னா 272இல் கடைசி இரண்டு நம்பரும் 72 சி.சி.யைக் காட்டும். ஆனா எல்லா மாடலுக்கும் இது பொருந்தாது.

ஆகவே, "எத்தனை சி.சி.? பார் எத்தனை அங்குலம்? பாரம் எவ்வளவு?" என்று கடையிலேயே கேட்போம். கிளை, சின்ன விறகு அறுக்க 30 சி.சி. போதும். பெரிய மெசின் பாரம் கூட. பெட்ரோலும் கூடக் குடிக்கும். பழக்கமில்லாதவங்க கையில் அது ஆபத்து. சம்பளக் காசும் நம்முடையது, கையும் காலும் நம்முடையது. கேட்டு வாங்குவோம்.