பக்கத்து வயலுக்கு வந்த நிவாரணம் உங்களுக்கு ஏன் வரல?



வடகிழக்குப் பருவமழை வந்தாலே டெல்டா, கடலூர், விழுப்புரம் பக்கம் விவசாயிகளுக்கு வயித்துல புளியைக் கரைக்கும். கதிர் வர்ற நேரத்துல வயல்ல தண்ணி நின்னா, மொத்த உழைப்பும் போச்சு. அதுக்குத்தான் அரசு நிவாரணம் தருது. ஆனா ஒவ்வொரு முறையும், "பக்கத்து வயலுக்கு வந்துச்சு, எனக்கு வரலையே"னு சிலர் கேட்கிறாங்க. அதுக்கான காரணத்தைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

முதல்ல தொகை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. அப்போ 33 சதவீதத்துக்கு மேல் சேதமான பயிர்களுக்குத் தமிழ்நாடு அரசு அறிவித்த நிவாரணம் இது: நெல் மற்றும் பாசனப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிர்களுக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிர்கள், மரங்களுக்கு 22,500 ரூபாய். ஒரு ஹெக்டேர்னா சுமார் இரண்டரை ஏக்கர். அப்படிப் பார்த்தா நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 6,900 ரூபாய்.

சேதம் 33 சதவீதமானு முடிவு பண்றது வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து எடுக்கிற கணக்கெடுப்பு. அந்தக் கணக்கெடுப்புக்கு ஆதாரம் அடங்கல். எந்த சர்வே எண்ணில், யார், என்ன பயிர், எவ்வளவு பரப்புல சாகுபடி பண்றாங்கனு கிராம நிர்வாக அலுவலர் பதிவு செய்யும் கணக்குதான் அது. வயல்ல சம்பா நின்னாலும், அடங்கல்ல தரிசுனு இருந்தா சிக்கல்தான். பட்டா இன்னும் தாத்தா பேர்ல இருந்தாலும் பணம் வர்றது தாமதமாகலாம். அதனால மழைக்கு முன்னாடியே இதைச் சரிபாருங்க. பட்டா, சிட்டாவை 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்துல போன்லயே பார்க்கலாம்.

அதிகமா விடுபடுறது குத்தகை விவசாயிகள். நிலம் ஒருத்தர் பேர்ல, உழைப்பும் கடனும் இன்னொருத்தர் தலையில. வாய்மொழிக் குத்தகைக்கு எழுத்து இல்லாததால, பணம் நில உரிமையாளர் கணக்குக்குப் போயிட வாய்ப்பு இருக்கு. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு. வட்டாட்சியர் அலுவலகத்துல விசாரிங்க. குறைஞ்சபட்சம், விதைச்ச உடனே கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, சாகுபடி செய்றது நீங்கதான்னு பதிவு பண்ணச் சொல்லுங்க.

இன்னொரு குழப்பம். நிவாரணம் வேற, பயிர்க் காப்பீடு வேற. நிவாரணத்துக்கு நீங்க எதுவும் கட்ட வேண்டாம். காப்பீட்டுக்குக் கடைசித் தேதிக்குள்ள பிரீமியம் கட்டணும். நிவாரணத்துக்கு உங்க வயலோட சேதத்தைப் பார்ப்பாங்க. காப்பீட்டுல பெரும்பாலும், பயிர் அறுவடைப் பரிசோதனை மூலமா உங்க கிராமத்தோட சராசரி மகசூலைக் கணக்கிடுவாங்க. அதனால ஒண்ணு கிடைச்சு இன்னொண்ணு கிடைக்காமப் போகலாம். காப்பீடு பத்திக் கேட்க 14447க்கு அழைக்கலாம்.

மழை ஓஞ்சதும் என்ன செய்யணும்?

• தேதி, இடம் பதிவாகிற மாதிரி வயலைப் போட்டோ எடுங்க.
• கணக்கெடுப்பு அன்னைக்கு வயல்ல இருங்க. அதுக்கு முன்னாடி பயிரை அழிச்சு உழுதுடாதீங்க.
• பட்டியல்ல உங்க பேர், சர்வே எண், பரப்பு சரியா இருக்கானு கேட்டுப் பாருங்க.
• வங்கிக் கணக்கு நடப்புல இருக்கா, ஆதார் எந்தக் கணக்கோட இணைஞ்சிருக்குனு வங்கியில உறுதி செய்ங்க.

பேர் விடுபட்டா சும்மா இருக்காதீங்க. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள்லயோ, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துலயோ மனு கொடுங்க. முதல்வரின் முகவரி உதவி எண் 1100லயும் பதிவு செய்யலாம். மனு எண்ணைப் பத்திரமா வச்சுக்கோங்க.

வீட்டுல பெரியவங்க விவசாயம் பார்க்கிறாங்கன்னா, இன்னைக்கே உங்க போன்ல அவங்க சிட்டாவைத் திறந்து காட்டுங்க. அடுத்த நடை, கிராம நிர்வாக அலுவலகத்துக்கு.