காலடியில் கிடப்பவன் யார்?

(கடலூரில் நடைபெற்ற கழகப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



'காட்டுமிராண்டி' என்னும் சொல் நமக்குப் புதியதன்று. தந்தை பெரியார் அவர்கள் அச்சொல்லைச் சாட்டையாகச் சுழற்றினார்கள். நம்மை வெறுத்தோர் அதே சொல்லை நம்மீது வீசினர். ஒருவனைக் காட்டுமிராண்டி என்று கூறிவிட்டால் போதும், அவனோடு வாதாட வேண்டியதில்லை. அவன் பேச்சுக்குச் செவிசாய்க்க வேண்டியதில்லை. அவனை மிதித்தாலும் மிதித்தவனுக்குப் பழியில்லை. இத்துணை வலிமை வாய்ந்த சொல்லை நாவினால் மட்டுமா கூறினார்கள்? கல்லிலே கூறினார்கள், செம்பிலே கூறினார்கள், வண்ணம் குழைத்துச் சுவரிலே கூறினார்கள். அந்தக் கலைகளுக்கு முன் நிற்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி எது என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

தொலைதூரம் போக வேண்டாம், சிதம்பரத்திலிருந்தே தொடங்குவோம்.

தில்லைக் கூத்தனின் தூக்கிய திருவடியைப் புலவர் பலர் பாடியிருக்கின்றனர். ஊன்றிய காலைச் சற்றுக் குனிந்து பாருங்கள். அதன் கீழே ஒருவன் கிடக்கிறான். குறுகிய உடல், கையிலே பாம்பு, முதுகின்மேல் ஆடுபவனின் முழுப் பாரம். அவன் பெயர் முயலகன். வடமொழியாளர் அவனை அபஸ்மாரன் என்பர். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைக் கண்டு உலகமே வியந்தது. பிரெஞ்சு நாட்டுச் சிற்பி ரோதான் எழுதிய பாராட்டு 1921இல் அச்சேறிற்று. 2004இல் இந்திய அரசு அளித்த நடராசர் சிலையொன்று ஜெனீவாவிற்கு அருகில் செர்ன் ஆராய்ச்சிக் கூடத்திலே நிற்கிறது. ஆடுபவனைப் பற்றி நூல்கள் பல எழுந்தன. கிடப்பவனைப் பற்றி?

அவன் அறியாமையின் வடிவம் என்கின்றனர் சைவச் சான்றோர். தாருகாவனத்து முனிவர்கள் வேள்வியில் தோற்றுவித்துச் சிவன்மீது ஏவிய பகைவன் என்கிறது புராணம். வலிப்பு நோய்க்கும் முயலகன் என்ற பெயர் உண்டு. கொல்லிமழவன் மகளைப் பற்றிய அந்நோயைத் திருஞானசம்பந்தர் பதிகம் பாடித் தீர்த்தார் என்பது பெரியபுராணச் செய்தி. ஆக, நோய், அறியாமை, பகை என்னும் மூன்றையும் ஒரே உடலில் ஏற்றிக் காலடியில் கிடத்திவிட்டனர்.

அறியாமையை மிதிக்கத்தான் வேண்டும், மறுப்பார் யார்? பகுத்தறிவு இயக்கம் வேறென்ன செய்கிறது? ஆனால் தோழர்களே, அறியாமைக்கு உருவம் கொடுக்க நேர்ந்தபோது, அகன்ற மார்பும் நீண்ட தாடியும் உடைய உருவம் ஒன்று ஏன் நினைவில் எழவில்லை? குள்ளன் ஏன் அகப்பட்டான்? வேள்வி செய்து அவனை ஏவிய முனிவர்கள் எங்கே? ஏவியவர் தப்பினர், ஏவப்பட்டவன் கிடக்கிறான். இந்தக் காட்சியை ஆயிரம் ஆண்டுகளாகக் கண்டுவரும் நாம், ஒருமுறையேனும் அந்த ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டாமா?

மாற்றானை மனிதப் பண்பற்றவனாகக் காட்டும் வழக்கம் எங்கே தொடங்குகிறது? மொழியிலே தொடங்குகிறது. கிரேக்கர், தம் மொழி அறியாதார் பேச்சு 'பர்பர்' என்று ஒலிப்பதாக எண்ணி, அவர்களைப் 'பார்பரோஸ்' என்றழைத்தனர். ஆங்கிலேயர் காட்டுமிராண்டிக்கு வழங்கும் சொல் அதிலிருந்து பிறந்ததே. வடமொழியில் 'மிலேச்சன்' என்ற சொல்லின் கதையும் அதுவே. அசுரர் சொற்களைத் திருத்தமாக ஒலிக்க மாட்டாமல் தோற்றனர் என்றும், அத்தகைய பேச்சை அந்தணன் பேசலாகாது என்றும் சதபத பிராமணம் கூறுகிறது. உன் மொழி எனக்குப் புரியவில்லை; ஆகவே நீ மனிதனிற் குறைந்தவன்! இதுதான் வாதம். இது பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். தில்லைச் சிற்றம்பல மேடையில் தமிழ்த் தேவாரம் ஒலிப்பதற்கு 2008இல் அரசாணை ஒன்று தேவைப்பட்டது. கனகசபை மீதேறி அடியார்கள் வழிபட 2022இல் மற்றோர் ஆணை தேவைப்பட்டது. சிற்பத்தில் உறைந்த பார்வை சிந்தையிலிருந்து எளிதில் அகல்வதில்லை.

வடவரை மட்டும் குற்றம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் நமக்கு வழியில்லை. நம் முல்லைப்பாட்டைப் புரட்டுங்கள். பாசறையில் மன்னனைக் காக்கும் யவனரை அச்சந்தரும் தோற்றத்தினராகவும், நாவால் உரையாது உடலசைவால் உரைக்கும் காவலரை மிலேச்சர் என்றும் அந்நூல் காட்டுகிறது. பதிற்றுப்பத்தின் பதிகமோ, இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் யவனரைக் கைப்பிணித்துத் தலையில் நெய்வார்த்துக் கொணர்ந்ததைப் புகழ்கிறது. அவர்களை வன்சொல்லினர் என்கிறது. ஆம், நாமும் பிறர் மொழியை இகழ்ந்தோம். நாமும் பிறர் தலையில் நெய் வார்த்தோம்.

ஆனால் மண்ணைத் தோண்டினால் வேறொரு கதை கிடைக்கிறது. கடலூருக்கு வடக்கே, புதுவையை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். இத்தாலி நாட்டு மட்கலங்கள் கிடைத்தன; மது வந்திறங்கிய இருகைப்பிடிச் சாடிகளின் துண்டுகள் கிடைத்தன. பாட்டிலே பிணிக்கப்பட்ட யவனன், துறையிலே சரக்கிறக்கி விலைபேசிச் சென்றிருக்கிறான். அவன் மொழியைப் புரிந்துகொண்ட தமிழ் வணிகன் ஒருவன் இருந்தானல்லவா? அவனைப் பற்றிப் புகழ்ப்பாட்டு எழவில்லை. அவன் கைப்பட்ட ஓடுகள் மட்டும் எஞ்சின.

அப்படியானால் கலை முழுவதும் பகைவனை இழிவுபடுத்தவே பிறந்ததா? இல்லை. மாமல்லபுரத்து மகிடாசுரமர்த்தினி குகைக்குச் செல்லுங்கள். சிங்கத்தின் மீதமர்ந்து கொற்றவை போரிடுகிறாள். எதிரே மகிடன்: எருமைத் தலை, ஆனால் மன்னனின் உடல், தலையிலே முடி, கையிலே தண்டு, மேலே குடை. பின்வாங்குகிறான், ஆயினும் வீழ்ந்துவிடவில்லை. பல்லவச் சிற்பி அவனை எதிர்த்து நிற்கத் தக்க ஒரு வேந்தனாகவே செதுக்கினான். அதே மல்லையில் வேறு சிற்பங்களில் அவன் வெறும் எருமைத் தலையாகி அவள் காலடியில் கிடக்கிறான். பின்னர்ச் சோழர் கோயில்களின் மாடங்களில் மிகுதியாக இடம்பெற்றது இந்த இரண்டாவது வடிவமே. மன்னன் மறைந்தான்; தலை மட்டும் பீடமாயிற்று.

உரோம் நகரிலும் இத்தகைய சிலை ஒன்றுண்டு. பெர்கமம் நாட்டார், தாம் வென்ற கால் இனத்து வீரனைச் செதுக்கியதன் படி அது. விலாவில் காயம், கவிழ்ந்த தலை, கழுத்தில் அவன் இனத்துக்குரிய வளையம். வென்றவன் செய்வித்த சிலைதான். எனினும் அதன் முன் நிற்பவன் தோற்றவனுக்காக இரங்குகிறான். பகைவனையும் மனிதனாகச் செதுக்க உளியால் இயலும். இயலாது என்பவன் உளியின்மீது பழிபோடுகிறான்.

போர்ப்பகைவனுக்குக் கிடைத்த இந்த மதிப்பு, மாற்றுக் கொள்கையினருக்குக் கிடைத்ததா? நாம் கூடியிருக்கும் இந்தக் கடலூரே விடை சொல்லும். திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் என்னும் பெயரில் சமணக் கல்வியின் இருப்பிடமாக விளங்கிற்று. உலகின் அமைப்பைக் கூறும் லோகவிபாகம் என்ற நூலைச் சருவநந்தி இங்கே சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், எழுதி முடித்தார் என்பர். திருநாவுக்கரசரே சமணராயிருந்தபோது தருமசேனர் என்ற பெயருடன் இங்கு வாழ்ந்தவர். அந்தச் சமணரைச் சைவ இலக்கியம் எவ்வாறு காட்டுகிறது? ஆடையற்றவர், அழுக்கர், மயிர் பறித்தவர், வஞ்சகர்! சரி, அந்தப் பள்ளி என்னவாயிற்று? சேக்கிழாரே சொல்கிறார்: சமயம் மாறிய பல்லவ மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அவற்றைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பினான்.

பள்ளியில் படித்தவன் காட்டுமிராண்டி. பள்ளியை இடித்தவன் நாகரிகன்! இந்தப் பெரியபுராணம் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்பது மரபு. ஆவுடையார்கோயில் ஓவியத்திலோ சமணர் கழுமரத்தில் குத்துண்டு தொங்குகின்றனர். மதுரையில் எண்ணாயிரவரைக் கழுவேற்றிய கதை நடந்த நிகழ்ச்சிதானா என்று வரலாற்றறிஞர் ஐயுறுகின்றனர். நடந்ததோ இல்லையோ, அதை மகிழ்ச்சிக்குரிய காட்சியாகத் தீட்டினார்களே, அது நடந்தது, சுவர் சான்று.

பின்னர்க் கடல் வழியே வேறொருவன் வந்தான். 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினர். எல்லையை எப்படி வகுத்தனர் தெரியுமா? பீரங்கியால் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரை தமதென்றனர். அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வழங்கிற்று. உழுபவனைக் கேட்கவில்லை, குண்டைக் கேட்டனர். இவர்கள் தம் இலண்டன் மாளிகையின் மேற்கூரைக்கு 1778இல் ஸ்பிரிடியோன் ரோமா என்பவரைக் கொண்டு ஓர் ஓவியம் தீட்டுவித்தனர். வெண்ணிறப் பிரிட்டானியா உயரத்தே அமர்ந்திருக்கிறாள். கருநிற இந்தியா கீழே நின்று முத்தும் மணியும் நீட்டுகிறாள். பறித்தது ஓவியத்தில் காணிக்கையாயிற்று. பீரங்கியை அந்த அளிப்பில் எங்கே காட்டினார்கள்?

தோழர்களே! சமணனைப் பகைவனென்றாவது சொல்லினர், ஆங்கிலேயனோ அயலான். ஆனால் அடியவனாகவே வந்த நந்தனுக்கு என்ன நேர்ந்தது? ஆதனூரிலிருந்து தில்லைக்கு வந்தான், எல்லையிலேயே நின்றான், தீயில் மூழ்கியெழுந்து, பூணூல் அணிந்த முனிவனான பின்னரே உள்ளே சென்றான் என்கிறது புராணம். நந்தன் நந்தனாகவே நுழைய முடியவில்லை. அவன் உருவத்தை எரித்த பிறகே கதவு திறந்தது. முயலகனின் உடல் காலடியில் கிடந்தது. நந்தனின் உடல் இருக்கவே விடப்படவில்லை. அதே சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி கண்டார். தீயில் இறங்கச் சொன்ன ஊரில் அவர் ஏடும் எழுத்தும் தந்தார். எது நாகரிகம் என்று விளக்க வேறு உரை வேண்டுமா?

உளி கைமாறும் காலமும் வந்தது. புலவர் குழந்தை 1946இல் இராவண காவியம் படைத்தார். அரக்கன் என்று காட்டப்பட்டவனைத் தலைவனாக்கினார். 1948இல் அன்றைய அரசு அதற்குத் தடை விதித்தது. 1971இல்தான் தடை நீங்கிற்று. அந்தப் பணி தேவையான பணி. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். உளி நம் கைக்கு வந்த பின், நாமும் காலடியில் ஒருவனைச் செதுக்குகிறோமா? மாற்றுக் கட்சியானை விலங்காக வரைந்து சுவரொட்டி அடிப்பது, எதிர்த்துப் பேசும் பெண்ணை இழிசொல்லால் தீட்டுவது, வடபுலத்திலிருந்து கூலிக்கு வந்த ஏழைத் தொழிலாளியின் பேச்சைக் கேட்டு எள்ளி நகைப்பது — இவையெல்லாம் எந்தப் பள்ளியில் கற்ற பாடம்? 'பர்பர்' என்று நகைத்த அதே பள்ளியில் அல்லவா?

நமக்கு வேறு பாடம் உண்டு. அதுவும் இதே கடலூரில் கற்பிக்கப்பட்டது. 1944இல் இங்கே கூட்டம் முடிந்து பெரியார் அவர்கள் இழுவண்டியில் செல்கையில் செருப்பொன்று வீசப்பட்டது. அவர் சினந்தாரில்லை. வண்டியைத் திருப்பச் சொல்லி, இணைச் செருப்பையும் தேடிப் பெற்றுக்கொண்டு சென்றார். செருப்பு விழுந்த இடத்தில் 1972இல் அவருக்குச் சிலை எழுந்தது. முதலமைச்சர் கலைஞர் அவர்கள் திறந்துவைத்தார்கள். அந்தச் சிலையைப் போய்ப் பாருங்கள். பீடத்தின் மேலே பெரியார் இருக்கிறார். காலடியில் செருப்பு வீசியவனின் உருவம் இல்லை. ஆயிரம் ஆண்டுச் சிற்ப வழக்கத்துக்கு அதுவே நம் விடை. அவனையும் நம் வகுப்புக்கு அழைத்துவரத்தான் இயக்கம். அவன் முதுகில் ஏறி நிற்க அன்று.

இறுதியாக ஒரு காட்சி. தமிழகத்தில் எத்தனையோ ஊர்களில் அண்ணல் அம்பேத்கர் சிலை இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறது. யாரேனும் உடைத்துவிடுவார் என்ற அச்சத்தால் இட்ட கூண்டு. இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து ஒருவன் இந்த மண்ணை அகழ்ந்து, கம்பிகளுக்கு நடுவே அந்தச் சிலையைக் கண்டால் யாரைக் காட்டுமிராண்டி என்பான்? உள்ளே நிற்பவரையா? கூண்டு தேவைப்பட்ட ஊரையா? அந்த ஊரிலே கழகக் கொடிக்கம்பமும் இருந்ததென்று அவன் கண்டறிந்தால், நம்மைப் பற்றி என்ன எழுதுவான்?

கூண்டை அறுக்க ஒரு பொழுது போதும். கூண்டு தேவைப்படாத ஊரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். சேரிக்கும் ஊருக்கும் நடுவேயுள்ள தெருவில் நாள்தோறும் நடக்கும் கால்கள் வேண்டும். நீங்கள் திரும்பிச் சென்றதும், உங்கள் ஊரில் அத்தகைய சிலை இருந்தால், கட்சி வேறுபாடு பாராமல் இரு தெருவாரையும் அதன் முன் அமர்த்திப் பேசுங்கள். அந்தப் பேச்சு எப்படிப் போயிற்று என்பதை அடுத்த வகுப்பில் உங்களிடமிருந்து கேட்கக் காத்திருக்கிறேன்.