மலிவு லைனிங்கும் வேனில் போகும் உயிர்களும்

(ஆமத்தூரில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மோட்டார் வண்டிகளுக்குப் போடும் போலிச் சாமான்கள். "கார் வைத்திருப்பவன் அல்லவா இதற்குக் கவலைப்பட வேண்டும்? கார் சாமானைப் பற்றி ஆமத்தூரில் பேசி என்ன பிரயோசனம்?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நம்மில் எத்தனை பேரிடம் கார் இருக்கிறது? ஆனால் விடிகாலையில் விருதுநகர் - சிவகாசி ரோட்டில் நின்று பாருங்கள். பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு எத்தனை வேன் போகிறது! மில் ஷிப்டுக்கு எத்தனை பஸ் போகிறது! களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் லோடு ஆட்டோவின் பின்னால் நின்றுகொண்டே போகிற ஜனங்கள் எத்தனை பேர்! அந்த வண்டிகளின் ஆர்.சி. புத்தகத்தில் நம் பெயர் இல்லை. ஆனால் அந்த வண்டியின் பிரேக் பிடிக்காவிட்டால் சாகிறவர்களின் பட்டியலில் நம் பெயர்தான் இருக்கும்.

கம்பெனி வண்டியில் போய் உயிரை விட்ட சரித்திரம் இந்தச் சீமைக்குப் புதிதல்ல. 1976-ம் ஆண்டு சிவகாசி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிலுக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற பஸ் விபத்துக்குள்ளாகிப் பல குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் போலிச் சாமான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தொழிலாளியை ஏற்றிச் செல்லும் வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதும் கூலியைப் போல, வேலை நேரத்தைப் போல, நம் விஷயம்தான் என்பதற்காகச் சொன்னேன்.

மாட்டு வண்டி ஓட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கடையாணி எவ்வளவு சிறிய சாமான்! அது கழன்றால் சக்கரம் தனியே உருண்டு ஓடும். மூட்டையோடு வண்டி குடை சாயும். மோட்டார் வண்டியில் அப்படிப்பட்ட கடையாணிகள் நூறு இருக்கின்றன. பிரேக் லைனிங், பிரேக் ஆயில், சக்கரத்தின் பேரிங், ஸ்டீயரிங்கின் பந்து மூட்டு, வீல் போல்ட், கரண்டு ஒயர் எல்லாம் அந்த ரகம்தான்.

லைனிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குள்ளே டிரம் சுற்றுகிறது. டிரைவர் மிதித்தால் உள்ளிருக்கும் ஷூ விரிந்து, அதன் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் டிரம்மோடு உரசுகிறது. அந்த உரசலில்தான் வண்டி நிற்கிறது. உரசினால் சூடு வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நல்ல லைனிங் அந்தச் சூட்டிலும் கவ்விப் பிடிக்கும். மட்டமான லைனிங் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது ஒழுங்காகத்தான் பிடிக்கும். அதில்தான் மோசமே இருக்கிறது. பன்னிரண்டு பேர் போக வேண்டிய வண்டியில் இருபத்தைந்து பேரை ஏற்றி, நாலு தடவை அடுத்தடுத்து மிதித்தால், சூடேறி வழுக்க ஆரம்பிக்கும். சில சமயம் ஷூவை விட்டே பெயர்ந்துவிடும். கடையில் வாங்கும்போது, பூட்டும்போது, ஓட்டிப் பார்க்கும்போது எதிலும் குற்றம் தெரியாது. லாரி குறுக்கே வரும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் தெரியும்.

பிரேக் ஆயிலும் அப்படியே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறிய பிறகும் 140 டிகிரியாவது தாங்க வேண்டும் என்பது விதி. டப்பாவில் அந்தப் பெயரை அச்சிட்டு உள்ளே கண்டதை ஊற்றி விற்றால் என்ன ஆகும்? சூட்டில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். டிரைவர் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் குமிழை நசுக்குவதோடு நின்றுவிடும். பெடல் தரையைத் தொடும். வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

போல்ட்டுக்கு வாருங்கள். அரிவாளுக்குக் கொல்லன் தோய்ச்சல் போடுவதைப் பார்த்திருக்கிறீர்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு அரிவாள். தோய்ச்சல் சரியில்லாதது முதல் வெட்டிலேயே மடங்கும். போல்ட்டும் அப்படித்தான். அதன் தலையில் 8.8, 10.9 என்று உறுதியைக் காட்டும் எண் போட்டிருக்கும். போலிக்காரன் எண்ணைப் பொறிக்கிறான். உலையில் வைத்துப் பதப்படுத்துகிற செலவை விழுங்கிவிடுகிறான். 1989 செப்டம்பர் 8-ம் தேதி நார்வே நாட்டிலிருந்து ஜெர்மனிக்குப் புறப்பட்ட ஒரு விமானம் டென்மார்க் கரைக்கு அருகே கடலில் விழுந்து 55 பேர் மாண்டார்கள். பயணிகள் ஒரு கப்பல் கம்பெனியின் சிப்பந்திகள்; புதுக் கப்பலின் விழாவுக்குப் போனவர்கள். விசாரணையில் என்ன தெரிந்தது? வால் பகுதியைப் பொருத்தியிருந்த போல்ட்டுகள் போலி. வேண்டிய உறுதி அவற்றுக்கு இல்லை. ஆகாய விமானத்துக்கே இந்தக் கதி என்றால் நம் ஊர் லோடு ஆட்டோவை யார் சோதிக்கிறார்கள்?

நல்ல சாமான் செய்ய நம் நாட்டில் ஆளில்லையா? இருக்கிறார்கள்! சென்னை பாடியிலும் ஓசூரிலும் மதுரையிலும் வண்டிச் சாமான் செய்கிற ஆலைகள் இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே காரியாபட்டிப் பக்கம் ஆவியூரில் சுந்தரம் பாஸ்னர்ஸ் ஆலை இருக்கிறது. இங்கே செய்கிற சாமான் வெளிநாட்டு வண்டிகளில் ஏறுகிறது. நம் தொழிலாளியின் கைத்திறனில் குறையில்லை. அவன் கைத்திறனுக்குக் கிடைத்த பெயரைத் திருடி, அந்தப் பெயரில் குப்பையை விற்கிறார்கள்.

எப்படி விற்கிறார்கள்? தேய்ந்த பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, மெருகேற்றி, புதுக் காகிதத்தில் சுற்றுகிறார்கள். பழைய ஆயில் பில்டருக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஒர்க் ஷாப்பில் கிடக்கும் காலி டப்பாக்களைக் காசு கொடுத்து வாங்கிப்போய் மறுபடியும் நிரப்புகிறார்கள். பெட்டியைப் பார்த்தால் அசலை விடப் பளபளப்பாக இருக்கும். சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இதைச் சொல்ல வேண்டுமா? லேபிளின் அழகை வைத்து வெடி வெடிக்குமா புஸ்ஸென்று போகுமா என்று நம்மூர்க் குழந்தைகூடத் தீர்ப்புச் சொல்லாது. (அச்சகத் தொழிலாளியை நான் குறை சொல்லவில்லை. கொண்டுவந்து கொடுக்கிற படத்தை அச்சடிப்பது அவன் வேலை.)

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். விலை குறைந்ததெல்லாம் போலி அல்ல. வண்டிக் கம்பெனியின் முத்திரை போட்ட பெட்டியில் வருவது ஒன்று. அதே சாமானைச் செய்கிற ஆலை தன் சொந்தப் பெயரில் குறைந்த விலைக்கு விற்பது இன்னொன்று. இதில் தவறே இல்லை. வேறொரு சிறு பட்டறைக்காரர் தன் பெயரைப் போட்டு நாணயமாகச் செய்து விற்பதும் உண்டு. அடுத்தவன் பெயரைப் போட்டு ஏமாற்றுவதுதான் டூப்ளிகேட். பெயரே இல்லாமல், பில் இல்லாமல், யாரும் பொறுப்பேற்காமல் வருகிற 'லோக்கல்' சாமானும் அதற்குச் சளைத்ததல்ல.

போலிச் சாமான் ஏன் இவ்வளவு செழிக்கிறது? "ஜனங்கள் மலிவுக்கு ஆசைப்படுகிறார்கள்" என்று பெரிய கம்பெனிக்காரர்கள் பிரசங்கம் செய்கிறார்கள். அவர்கள் என்ன செய்தார்கள்? 2014 ஆகஸ்ட் 25-ம் தேதி இந்தியப் போட்டி ஆணையம், அதாவது ஏகபோகத்தை விசாரிக்கும் சர்க்கார் அமைப்பு, 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரி பாகங்களும் ரிப்பேர் கருவிகளும் வெளி ஒர்க் ஷாப்புகளுக்குச் சுலபமாகக் கிடைக்காதபடி கட்டிவைத்தார்கள் என்பது. மாருதியும் டாடாவும் மகேந்திராவும் அந்தப் பட்டியலில் உண்டு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போயின. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அசல் சாமானைப் பூட்டி வைத்து விலையேற்றினால், பட்டறை மெக்கானிக் எங்கே போவான்? இதன் மேல் வரி வேறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெரும்பாலான வண்டிச் சாமான்களுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 18 ஆகக் குறைந்தது. பில் போடாத போலிக்காரனுக்கு 28-ம் இல்லை, 18-ம் இல்லை.

ஆகவே கடைக்கு நல்ல சாமான் கேட்டு வருகிறவனும் திகைத்துப் போகிறான். ஒரு வேன் டிரைவர் என்னிடம் சொன்னார்: "முதலாளி ஒரு தொகையைக் கையில் கொடுத்து, இதுக்குள்ளே வேலையை முடின்னு சொல்லிட்டார். கம்பெனி லைனிங் விலை அதுக்கு மேலே. மிச்சத்தை நான் சம்பளத்திலிருந்து போடணுமா அண்ணாச்சி?" அவர் என்ன செய்வார்? கிடைத்ததைப் பூட்டினார். விபத்து நடக்கவில்லை, அவர் அதிர்ஷ்டம். நடந்திருந்தால் முதல் குற்றவாளி யார்? டிரைவர்தான்! 2024 ஜூலை முதல் தேதிக்கு முன்பு, அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தால் இரண்டு வருஷம் வரை சிறை. புதுச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை. மில்லில் மட்டமான டிராவலரை வாங்கிப் போடுவது நிர்வாகம். இழை அறுந்தால் மெமோ வாங்குவது சைடு பார்க்கிற தொழிலாளி. அதே நியாயம்தான் ரோட்டிலும்.

போலி விற்றவனுக்கு என்ன தண்டனை? 1999-ம் வருஷத்து டிரேட் மார்க் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம். அந்தச் சட்டம் காப்பாற்றுவது யாரை? கம்பெனியின் பெயரை! அதன் கண்ணில் பாதிக்கப்பட்டவர் முத்திரைக்குச் சொந்தக்காரர். வேனில் கால் ஒடிந்த பெண் அல்ல. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 182-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். முக்கியப் பாதுகாப்பு பாகம் என்று மத்திய சர்க்கார் அறிவித்த சாமான், விதிப்படி இல்லாமல் இருந்தால், விற்றவனுக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது சாமான் ஒன்றுக்கு ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும். உயிரை மனதில் வைத்துப் போட்ட சட்டம் இதுதான். டிரைவருக்கு ஐந்து, கடைக்காரனுக்கு ஒன்று என்ற கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

வண்டிக்குள் இருப்பவரைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் பையனை மறந்துவிடக் கூடாது. மலிவு லைனிங்குகளில் கல்நார் கலந்தவை உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்கிறோமே, அதே கல்நார்தான். பேர்பெற்ற ஆலைகள் பல இதை விட்டுவிட்டன. டிரம்மைக் கழற்றியதும் பையன் காற்றுக் குழாயால் ஊதித் தூசியைக் கிளப்புகிறான். அந்தத் தூசிதான் நெஞ்சுக்குள் போகிறது. இருபது, முப்பது வருஷம் கழித்து நுரையீரல் கெட்டுப்போகும், புற்றுநோயும் வரும். அப்போது எந்த முதலாளியிடம் நஷ்டஈடு கேட்பது? கல்நார்த் தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று 1995-லேயே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா 2024 மார்ச்சில் வெள்ளைக் கல்நாருக்குத் தடை உத்தரவு போட்டது. நம் நாட்டில் அதன் இறக்குமதியைத் தடுக்கவில்லை. பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்குச் சொல்லுங்கள்: ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடைக்கட்டும்.

பட்டாசு ஏற்றுகிற வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பியூஸ் போனால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுவது, மேலுறை மெல்லிய ஒயரை இழுப்பது, பிரேக் ஒட்டிக்கொண்டு சக்கரம் கொதிக்கக் கொதிக்க ஓட்டுவது எல்லாம் மற்ற வண்டியில் பட்டறைச் செலவோடு போகும். இந்த வண்டியில் அப்படிப் போகாது. காரணத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நாம் என்ன கேட்பது? வண்டி கம்பெனியுடையதோ ஒப்பந்தக்காரருடையதோ, ஆளை ஏற்ற ஏற்பாடு செய்கிறவர் அதன் பிரேக்குக்கும் பொறுப்பு. லைனிங் மாற்றியதற்குப் பில் எங்கே, எந்தத் தேதி, எந்த ஆலைச் சாமான் என்று சங்கத்தின் மூலம் கேளுங்கள். டிரைவரைத் தனியே கேட்டு அவரை மாட்டிவிடாதீர்கள். அவரையும் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் கேளுங்கள். வேலைக்குப் போகிற வழியில் நடக்கும் விபத்தையும் வேலை விபத்தாகக் கருத வேண்டும் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் சேர்த்தார்கள், 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு இருக்கிறது. அதைக் காட்டிக் கேட்கலாம். நிர்வாகம் பில் காட்ட மறுத்தால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே மரியாதை கிடையாது.

சொந்தமாக ஆட்டோவோ பைக்கோ வைத்திருக்கும் தோழர்கள் சாமான் வாங்கும்போது உதிரியாக எடுத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். பெட்டியோடு, பில்லோடு வாங்குங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய பழைய லைனிங்கையும் பேரிங்கையும் பட்டறையிலேயே விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கி, சுத்தியலால் நசுக்கி இரும்புக் கடையில் போடுங்கள். பெட்டியைக் கிழித்துவிடுங்கள். பிரேக் ஆயில் டப்பா காலியானால் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள்.