பட்டியல் போட்டு வாங்கிய பாட்டு
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க, அரசியல் மட்டும் வேணாம்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். அதனால் பாட்டைப் பற்றிப் பேசுகிறேன். அதிலும் பாட்டின் அருமை பெருமையை அல்ல, அது நம் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை.

அமெரிக்காவில் 1955-ல் கொலம்பியா நிறுவனம் ஓர் இசைத்தட்டு கிளப் ஆரம்பித்தது. கூப்பனை நிரப்பித் தபாலில் போட்டால் இசைத்தட்டு வீடு தேடி வரும். ஒரு சென்ட் காசுக்குப் பன்னிரண்டு தட்டு என்றெல்லாம்கூட விளம்பரம் செய்தார்கள். சும்மா கொடுப்பார்களா? அதற்குப் பிறகு முழு விலையில் இத்தனை தட்டு வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை. மாதா மாதம் ஒரு கார்டு வரும். 'வேண்டாம்' என்று எழுதித் திருப்பி அனுப்பாவிட்டால், அந்த மாதத் தட்டும் வரும், கூடவே பில்லும் வரும். இந்த வியாபாரத்துக்கென்றே 1973-ல் அந்த நாட்டு அரசாங்கம் தனி விதி போட வேண்டியதாயிற்று. பிறகு 1999-ல் நாப்ஸ்டர், 2003-ல் ஐட்யூன்ஸ் கடை என்று கணினி வழியே பாட்டு வர ஆரம்பித்ததும் கிளப்புகள் நொடித்தன. பிஎம்ஜி கிளப் 2009-ல் நின்றது. கொலம்பியா ஹவுஸ் பெயரில் கடைசியாக நடந்துகொண்டிருந்த கம்பெனி 2015-ல் திவால் மனு கொடுத்தது.

நம் பக்கம் அப்படிக் கிளப் எதுவும் இல்லை. ஆனால் பாட்டுக்கும் தபாலுக்கும் இங்கேயும் பழைய உறவு உண்டு. 1952-ல் மந்திரி கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. நம்ம ஜனங்க சும்மா இருப்பாங்களா? இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957-ல் விவித பாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களைத் தெரியாத வீடே எங்கள் பக்கம் கிடையாது. பாட்டின் பெயரையும் வீட்டில் உள்ள அத்தனை பேர் பெயரையும் எழுதிக் கொழும்புக்குத் தபால் போட்டுவிட்டு, நம் பெயர் வருகிறதா என்று வாரக்கணக்கில் காது கொடுத்துக் காத்திருப்போம்.

அடுத்து வந்தது கேசட். 1963-ல் பிலிப்ஸ் கண்டுபிடித்த அந்தச் சின்னப் பெட்டி, எங்கள் லால்பேட்டைக்கு அரபு நாட்டுப் பயணத்தோடு வந்தது. தெருவுக்குப் பத்துப் பேர் சவூதி, துபாய், குவைத் என்று போயிருந்த காலம். எங்க அண்ணன் தம்மாமில் இருந்தார். கடிதம் வரும், பணம் வந்ததா, அத்தா உடம்பு எப்படி என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். நாகூர் ஹனீபா ரெண்டு, டி.எம்.எஸ். – சுசீலா நாலு, 'இளையராஜா எது புதுசோ அது' என்று.

அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு நான் கைகாட்டியில் பஸ் ஏறிச் சிதம்பரம் வருவேன். மேலவீதியில் ஒரு ரெக்கார்டிங் கடை. கடைக்காரர் நிமிஷக் கணக்கில் புலி. அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறு ஏழு பாட்டு. "தம்பி, ஏழாவது பாட்டு பாதியில நின்னுடும். ஆறோட நிறுத்திக்கவா? மூணு நிமிஷம் சும்மா ஓடும்" என்பார். இந்தக் கடைகள் எதுவும் கம்பெனிக்கோ பாடியவருக்கோ காசு கொடுத்ததில்லை. 1957-லேயே காப்புரிமைச் சட்டம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

அந்த மூணு நிமிஷம் எங்கள் வீட்டில் சும்மா ஓடியதில்லை. எங்க அம்மாவுக்கு எழுதத் தெரியாது. டேப்ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்து, "வீராணம் ரொம்பிடுச்சு தம்பி, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கு, நீ வேளைக்குச் சாப்பிடு" என்று பேசுவார்கள். பயணம் போகிறவர் யாராவது கையில் கேசட்டைக் கொடுத்தனுப்புவோம். இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் சபராளிகள் வீட்டில் பாதிக்கு மேல் இதே கதைதான்.

எல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை விட்டுச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும். நூறு பாட்டுக்கு மேல் ஒரே தட்டில் எம்பி3 வந்தபோது கேசட்டை விட்டுவிட்டு ஓடியவர்களில் நாமும் உண்டு. அப்புறம் மெமரி கார்டு, இப்போது கைப்பேசி. நினைத்த பாட்டு நொடியில் வருகிறது. நல்லதுதான்.

ஆனால் தம்பிகளே, ஒன்றைக் கவனியுங்கள். ஒரு பாட்டு முடிந்ததும் நீங்கள் சும்மா இருந்தால் அடுத்த பாட்டு தானாக வருகிறது அல்லவா? மாதம் பிறந்ததும் கேட்காமலே வங்கிக் கணக்கில் பணம் போகிறது அல்லவா? அமெரிக்கக் கிளப்பின் அந்தக் கார்டுதான் இது. 'வேண்டாம்' என்று சொல்லாதவன் தலையில் அவர்கள் கட்டுவார்கள். சந்தாவை நிறுத்தினால் பாட்டும் போச்சு. அண்ணன் போட்ட பட்டியலில் பன்னிரண்டு பாட்டுதான் இருந்தது. ஆனால் பன்னிரண்டும் அவர் யோசித்துக் கேட்டவை. மாதம் ஒரு நாளாவது உட்கார்ந்து, உங்கள் கையால் ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். உங்களுக்கு எது பிடிக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

இன்னொன்று, நம் வயதுக்காரர்களுக்கு. ஹனீபாவின் பாட்டு எங்கேயும் போகாது. 2015-ல் அவர் மறைந்த பிறகும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மூணு நிமிஷம் மட்டும் எந்தக் கைப்பேசியிலும் கிடைக்காது. அது உங்கள் பரணில்தான் இருக்கிறது, கடலோரக் காற்றின் ஈரத்தில் பூஞ்சை பிடித்துக்கொண்டு. எத்தனையோ வீடுகளில் அதன் மேலேயே வேறு பாட்டைப் பதிந்துவிட்டார்கள். ஆகவே முதலில் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பற்களையும் உடைத்துவிடுங்கள். பிறகு யாரும் தவறியும் அதில் பதிய முடியாது. பூஞ்சை தெரிந்தால் ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். முதலில் சுத்தம் செய்ய வேண்டும். கூடு உடைந்திருந்தால் நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றலாம். நல்ல டேப்ரிக்கார்டர் ஒன்றும் ஒரு வயரும் இருந்தால் கணினியில் ஏற்றிவிடலாம். அறுபது நிமிடக் கேசட்டுக்கு அறுபது நிமிடம் ஆகும், அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கேசட் கொண்டு வாருங்கள். வராந்தாவில் இரண்டு மேசை போடச் சொல்லிச் சங்கத்தைக் கேட்டிருக்கிறேன். ஓடுகிற டேப்ரிக்கார்டர் ஒன்றை நான் கொண்டு வருகிறேன். கணினி தெரிந்த மாணவர்கள் நாலு பேர் போதும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்கு முன் செயலாளரைப் பார்க்கவும்.