வாட்ச் பேசட்டும், ஆனா எனக்கு மட்டும்

பார்வையற்ற நண்பர்கள் ஸ்மார்ட்வாட்ச் வாங்கினதும் கேக்குற முதல் கேள்வி: "சத்தத்தை எப்படிப்பா கன்ட்ரோல் பண்றது?" நான் ஆப்பிள் வாட்ச் கட்டுறேன். அதுல இருக்கிற ஸ்கிரீன் ரீடர் வாய்ஸ்ஓவர். அதை வச்சே சொல்றேன்.

பார்வை இருக்கிறவங்களுக்கு வாட்ச் சத்தம் ஒரு கூடுதல் வசதி. நமக்கு அதுதான் ஸ்கிரீனே. முழுசா நிறுத்தினா ஸ்கிரீனை அணைச்ச மாதிரி. சத்தமா வச்சா, பஸ்ல பக்கத்து சீட்காரர்கிட்ட ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டின மாதிரி. பேங்க் ஓடிபியும் டாக்டர் அனுப்பின மெசேஜும் அவர் காதுலயும் விழும். அதனால இதை வெறும் சவுண்ட் செட்டிங்னு நினைக்காதீங்க. இது நம்ம பிரைவசி.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். வாட்ச்ல ரெண்டு வால்யூம் இருக்கு. நோட்டிஃபிகேஷன் மணியோட சத்தம் செட்டிங்ஸ்ல 'சவுண்ட்ஸ் அண்ட் ஹேப்டிக்ஸ்' பகுதியில. வாய்ஸ்ஓவர் பேசுற சத்தம் 'ஆக்சசிபிலிட்டி', அதுக்குள்ள 'வாய்ஸ்ஓவர்' பகுதியில. சைலன்ட் மோட் போட்டா மணிதான் அடங்கும், வாய்ஸ்ஓவர் பேசிட்டேதான் இருக்கும். மீட்டிங்ல "சைலன்ட்லதானே இருக்கு"ன்னு நம்பி உக்காராதீங்க.

பேச்சு வால்யூமை மாத்த ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸ் போக வேண்டாம். ரெண்டு விரலால ரெண்டு முறை தட்டி, ரெண்டாவது தட்டுல விரலை எடுக்காம மேலயோ கீழயோ நகர்த்துங்க. பேச்சைச் சட்டுனு நிறுத்தணுமா? ரெண்டு விரலால ஒரே ஒரு தட்டு. லிஃப்ட்ல நிக்கும்போது இந்த ரெண்டும் ரொம்ப உதவும்.

"ஹெட்செட் போட்டுக்கலாமே?"ன்னு கேப்பீங்க. போடலாம், புளூடூத் ஹெட்செட்டை வாட்ச்சோட இணைச்சா பேச்சு அதுல வரும். ஆனா ரோடு கிராஸ் பண்ணும்போது வண்டிச் சத்தம்தான் நமக்கு வழிகாட்டி. அங்க காதை அடைக்க முடியாது.

அந்த நேரத்துக்குத்தான் அதிர்வு. 'ஹேப்டிக்ஸ்'ல 'பிராமினன்ட்' தேர்ந்தெடுத்தா, சில அலர்ட்டுகளுக்கு முன்னாடி கூடுதலா ஒரு அதிர்வு வரும். கூட்டத்துலயும் தவறாது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 'டாப்டிக் டைம்'. செட்டிங்ஸ்ல 'கிளாக்' பகுதியில இருக்கு. வாட்ச் வாயே திறக்காம மணி சொல்லும். 'டிஜிட்ஸ்' முறையில பத்துக்கு ஒரு நீள அதிர்வு, ஒண்ணுக்கு ஒரு குட்டி அதிர்வு. மணி 12:34னு வைங்க. முதல்ல ஒரு நீளம், ரெண்டு குட்டி. அப்புறம் மூணு நீளம், நாலு குட்டி. ரெண்டு மூணு நாள் பழகினா விரல் விட்டு எண்ணவே வேண்டாம். அதிர்வு வரலைன்னா, அதே இடத்துல 'ஸ்பீக் டைம்' போய் 'கன்ட்ரோல் வித் சைலன்ட் மோட்' ஆன் பண்ணுங்க. அப்புறம் வாட்ச்சை சைலன்ட்ல போடுங்க.

இன்டர்வியூ நடுவுல, கிளாஸ்ல, துக்க வீட்டுல, யாரையும் கேக்காம, யாருக்கும் கேக்காம மணி தெரிஞ்சுக்கலாம். மத்தவங்க மணிக்கட்டைத் திருப்பி ஒரு பார்வை பாக்குறாங்களே, அதே சுதந்திரம் நமக்கும் வேணும்ல?

பார்வையுள்ள நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எங்க வாட்ச் பேசினா "சத்தத்தைக் குறைங்க"ன்னு தாராளமா சொல்லுங்க, குறைச்சுடுவோம். "ஆஃப் பண்ணுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

அடுத்த எபிசோட்ல வாய்ஸ்ஓவர் பேசுற வேகத்தைப் பத்திப் பேசலாம். அதுவரைக்கும் டாப்டிக் டைம் போட்டுப் பழகுங்க, எத்தனை நாள்ல பிடிபட்டுச்சுன்னு எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. டாட்டா!