மூத்தோர் பேச்சும் மின்னிலக்கச் செவியும்



அறிதிறன் நலத்தை அளக்கும் மின்னிலக்கக் கருவிகளைப் பற்றி மருத்துவரோ கணினி வல்லுநரோ பேசுவதுதான் வழக்கம். மொழியியல் படித்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நினைவாற்றலை எவரும் நேரே தொட்டுப் பார்க்க முடியாது. ஒன்றைச் சொல்லச் சொல்லியும், திரும்பக் கூறச் சொல்லியும், படத்தைக் காட்டிப் பெயர் கேட்டும்தான் அதன் நிலையை உய்த்துணர்கிறோம். எனவே, அளக்கப்படுவது மனமே ஆயினும் அளவுகோலின் பெரும்பகுதி மொழியே. அளவுகோல் பிழைபட்டால் அளவும் பிழைபடும். இதுவே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் ஆய்வுகளின்படி, 60 வதும் அதற்கு மேற்பட்டும் வயதுடையோரில் முதுமை மறதி நோய்க்கு ஆளானவர்கள் 2013இல் பத்தில் ஒருவர், 2023இல் 8.8 விழுக்காட்டினர். நம்மில் பலருக்கு இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு முகம் தெரியும்.

இந்நோயின் அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே காண உதவும் சோதனைகளுள் இரண்டு உலகெங்கும் பரவியவை. ஒன்று 1975இல் ஃபோல்ஸ்டைனும் அவருடைய துணைவர்களும் வெளியிட்ட சிறு மனநிலைச் சோதனை. மற்றொன்று 2005இல் வெளிவந்த மாண்ட்ரியால் அறிதிறன் சோதனை. இரண்டுக்கும் மொத்த மதிப்பெண் 30. தாளும் எழுதுகோலுமாக நடந்த இத்தகைய சோதனைகள் இப்போது கைக்கணினிக்கு வந்துவிட்டன. அதனால் புதிய நன்மைகளும் உண்டு. ஒருவர் கடிகாரம் வரையும்போது, வரைந்து முடித்த படத்தை மட்டுமே தாள் காட்டும். முதற்கோட்டை இழுக்கும் முன் அவர் எவ்வளவு நேரம் தயங்கினார், எங்கே கை நின்றது என்பவற்றையும் மின்னிலக்கப் பேனா பதிவுசெய்யும். ஒரு படத்தை விவரிக்கச் சொல்லி, அந்தப் பேச்சில் எத்தனை இடைநிறுத்தங்கள், எத்தனை பெயர்ச்சொற்கள், எத்தனை சுட்டுப்பெயர்கள் என்று எண்ணும் மென்பொருள்களும் உள்ளன.

பேச்சும் எழுத்தும் மனத்தின் நிலையைக் காட்டும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு ஒன்று 1996இல் வெளியானது. ஏறத்தாழ 22 வயதில் அவர்கள் எழுதிய தன்வரலாறுகளில் கருத்துச் செறிவு குறைந்திருந்தவர்களுக்கே, முதுமையில் அல்சைமர் நோய் மிகுதியாகக் காணப்பட்டது. ஆங்கில நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக் 1995இல் வெளியிட்ட இறுதி நாவலின் சொல்வளம், அவருடைய முந்தைய நாவல்களைவிடக் குன்றியிருந்ததை 2005இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஆகவே, கருவி பேச்சைக் கேட்பது வீண்வேலை அன்று. அது யாருடைய பேச்சைக் கேட்டுப் பழகியது என்பதே கேள்வி.

என் மூத்த அக்காள் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கணக்கில் சூரர். மறதி கூடுகிறதோ என்ற ஐயத்தில் அவரை ஒரு சோதனைக்கு அழைத்துச் சென்றேன். கைக்கணினி தமிழில் பேசியது, மகிழ்ந்தேன். “அவர்கள் நேற்று சந்தைக்குச் சென்றார்கள்” என்பது போன்ற ஒரு வாக்கியத்தைக் கேட்டு, அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். அக்காள் தயக்கமின்றி, “நேத்து அவங்க சந்தைக்குப் போனாங்க” என்றார். கருவி தவறு என்றது. பொருளில் ஒன்றையும் அவர் தவறவிடவில்லை. எழுத்துத்தமிழைக் கேட்டுப் பேச்சுத்தமிழில் தந்தார். கேட்டதைப் புரிந்துகொண்டு தம் வழக்குக்கு மாற்றிச் சொல்வது கூடுதலான மனவேலை. அதற்கு அவர் பெற்ற மதிப்பெண் சுழியம்.

அடுத்து, ‘எ’ என்னும் எழுத்தில் தொடங்கும் சொற்களை ஒரு நிமிடத்தில் சொல்லுமாறு கேட்டது. அக்காள் எலை, எடம், எலி, எருமை என்று அடுக்கினார். அகராதியை மட்டும் அறிந்த கருவி முதலிரண்டையும் தள்ளிவிட்டது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது, சொல்முதல் இகரம் பேச்சில் எகரமாகத் திரிவது இயல்பு. இலை எலையாவதும் இடம் எடமாவதும் அவ்வாறே; குடை கொடையாவதும் அதன் உடன்பிறப்பு. இது மறதி அன்று, மொழியின் ஒலியொழுங்கு.

பிறகு விலங்குகளின் பெயர்களைக் கேட்டது. ஆடு, மாடு, நாய், பூனை, யானை, புலி என்று சொல்லி நிறுத்திவிட்டார். ஆங்கிலத்தில் இந்தக் கேள்விக்குப் பறவை, மீன், பூச்சி ஆகியவையும் விடையாக ஏற்கப்படும். தமிழில் ‘விலங்கு’ என்றதும் பெரும்பாலோர் மனத்தில் வருபவை நாற்கால் உயிரினங்களே. “காக்கா, கோழியெல்லாம் சொல்லியிருக்கலாமே” என்றேன் வெளியில் வந்தபின். “அதெல்லாம் பறவைதானே தம்பி?” என்றார். மேலும் ஒன்று சொன்னார்: “அந்தப் பெட்டி பேசுற தமிழ் நம்ம வீட்டுத் தமிழ் இல்ல.” நான் ஒரு கட்டுரையில் எழுத வேண்டியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். பின்னர் மருத்துவர் நேரில் பேசிப் பார்த்தபோது, அக்காளுக்குச் செவித்திறன் குறைந்திருந்ததும் அறிதிறன் நன்றாக இருந்ததும் தெரியவந்தன.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செந்தமிழ் அவர் நாவில் சரளமாக ஓடும். மனப்பாடச் செய்யுள்களை எந்த நேரத்திலும் ஒப்பிப்பார். வாக்கியத்தைத் திரும்பச் சொல்வதிலும் சொற்களை அடுக்குவதிலும் அவருக்குக் குறையேதும் வரவில்லை. நல்ல மதிப்பெண் பெற்றார். அவருடைய மனைவிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. “பெயரே சொல்றதில்லைங்க. ‘அந்த இதை எடு, அங்க இருக்கே அது’ன்னுதான் சொல்றார்” என்றார். ஓராண்டுக்குப் பின் நோய் உறுதியானது. நெடுநாள் பழகிய பாட்டும் வாய்பாடும் நோய் வந்த பின்னும் சில காலம் நிலைத்திருக்கும். அன்றாடப் பெயர்ச்சொற்கள் முன்னரே நழுவத் தொடங்கலாம். ஒரே வகைக் கருவி, படிக்காதவரை நோயாளியாக்குகிறது. படித்தவரின் நோயை மறைத்துவிடுகிறது. இரண்டுமே தீங்கு.

அப்படியானால் ‘இது’, ‘அது’ ஆகியவற்றை எண்ணினால் போதுமா? அதிலும் எச்சரிக்கை வேண்டும். நலமாக உள்ளவரும் “வந்து”, “இது” என்று சொல்லித்தான் அடுத்த சொல்லைத் தேடுகிறார். தமிழில் எழுவாயை விட்டுவிட்டும் பேசலாம். வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். தமிழ் ஒட்டுநிலை மொழி ஆதலால், ‘வரமுடியாதவர்களுக்காக’ என்ற ஒரு சொல்லின் பொருளை ஆங்கிலத்தில் சொல்லப் பல சொற்கள் தேவைப்படும். ஆங்கிலத்துக்கென வகுத்த சொல்லெண்ணிக்கையை அப்படியே இங்கே பொருத்தினால் வளமான பேச்சும் வறிதாகத் தோன்றும். நம் மூத்தோர் பசார், கோப்பி, லோரி போன்ற சொற்களை இயல்பாகக் கலந்து பேசுவர். அவை தமிழ் அல்ல என்று கருவி ஒதுக்கினால், ஒதுக்கப்படுவது அவர்களுடைய வாழ்க்கையே. ஒருவரை எல்லாருக்குமான சராசரியோடு மட்டும் ஒப்பிடாமல், அவருடைய சென்ற ஆண்டுப் பேச்சோடும் ஒப்பிடுவதே நேரிய முறை.

மதிப்பிடுவது ஒருபுறம், துணைநிற்பது மறுபுறம். மூளைப் பயிற்சி விளையாட்டுகள் பல விற்பனையில் உள்ளன. லுமோசிட்டி என்னும் செயலியின் நிறுவனம், அறிதிறன் தேய்வைத் தடுக்கும் என்பது போன்ற விளம்பரக் கூற்றுகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்ற குற்றச்சாட்டில், 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. மாறாக, மொழியைப் பற்றிய ஓர் ஆய்வு நம் கவனத்துக்குரியது. ஹைதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியோருக்கு நோய்க்குறிகள் ஏறத்தாழ நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தோன்றின. எழுதப் படிக்கத் தெரியாதோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. எல்லா ஆய்வுகளும் இம்முடிவை எட்டவில்லை; ஆயினும், தாத்தாவுடன் தமிழில் பேசுவதால் எவருக்கும் கெடுதல் இல்லை என்பதற்கு ஆய்வே வேண்டாம்.

கைக்கணினியை விளையாட்டுப் பொருளாக மட்டும் பாராதீர்கள். தேசிய நூலக வாரியத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் ‘தமிழ் முரசு’ நாளிதழின் பழைய இதழ்கள் உள்ளன. பாட்டி இளம்பெண்ணாக இருந்த ஆண்டின் இதழைத் திறந்து அவர்முன் வையுங்கள். ஒரு திரைப்பட விளம்பரம் போதும். ஒரு மணி நேரம் பேசுவார்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பாடத்திட்டம் 2005ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பின் பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் தந்தது. அந்த இடத்தை மூத்தோர் பேச்சுக்கும் திறந்துவிடுங்கள். 1979இல் தொடங்கிய நம் வாய்மொழி வரலாற்றுப் பணி, மூத்தோரின் குரல்களைக் காத்து வருகிறது. அதே வழியில் மாணவர்கள், உரிய இசைவு பெற்று, தம் வீட்டு மூத்தோர் பேச்சைப் பதிவுசெய்து எழுத்தில் பெயர்க்கலாம். எலை என்றால் எலை என்றே எழுதுங்கள், திருத்தாதீர்கள். கணினியியல் பயிலச் செல்லும் மாணவர்களே, நாளைய கருவியின் செவியைப் பழக்கப்போகிறவர்கள் நீங்கள். நம் வீட்டுத் தமிழை அதற்குக் கற்பிக்க வெளியார் எவரும் வரமாட்டார்.

இறுதியாக ஒன்று. கருவி தரும் எண் ஐயத்தை எழுப்பலாம், தீர்ப்பாகாது. செவிக்குறை, மனச்சோர்வு போன்றவையும் அந்த எண்ணைக் குறைக்கும். மருத்துவர் முடிவு செய்யட்டும். அவருக்கு உதவக்கூடிய முதற்சான்று நம்மிடம் இருக்கிறது: நாள்தோறும் அவர்களோடு பேசி, அவர்கள் பேச்சில் எந்தச் சொல் காணாமற்போயிற்று என்று கவனித்திருக்கும் ஒரு காது. என் நண்பரின் நோயை முதலில் அறிந்தது அப்படிப்பட்ட காதுதான்.